ஈர அச்சு

அருங்காட்சியகத்தின் பின்புறக் கொட்டகைச் சாவியைக் காவலாளி தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார்.

"தனியாவாம்மா ஊத்தப் போறே?"

"ஒரே ஒரு கோடாரிதாண்ணே பாக்கி."

பழங்கால மனிதர்கள் வெண்கலக் கோடாரி வார்த்த முறையைப் பார்வையாளர்களுக்குச் செய்து காட்டுவதுதான் அவளுக்கும் கணவனுக்கும் வேலை. மண் அச்சு செய்வதும் துருத்தி அமுக்குவதும் அவள். செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி ஊற்றுவது அவன். ஊற்றுமுன் அச்சைக் கன்னத்தில் ஒட்டிப் பார்ப்பான். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். "எங்கிட்டகூட இவ்வளவு கொஞ்சல் கிடையாது" என்று கிண்டலடிப்பாள். சவரம் செய்யாத அந்தக் கன்னத்துக்காகத் தினமும் திட்டும் வாங்குவான்.

போன மாதம் ஒருநாள் கூட்டம் காத்திருந்தது. "காஞ்சிருச்சு, ஊத்துங்க" என்று அவசரப்படுத்தினாள். அவள் சொன்னதை நம்பி அவன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. உள்ளிருந்த ஈரம் ஆவியாகி அச்சு வெடித்தது. உருகிய வெண்கலம் முழுவதும் அவன்மேல்தான்.

இன்று அச்சை வேண்டுமென்றே ஈரமாக வைத்தாள். புறமெல்லாம் கையால் வழவழவென்று தடவி, வாய் மட்டும் தெரிய மணலில் புதைத்தாள். அவன் போன வழியிலேயே போய்விட முடிவுகட்டியிருந்தாள்.

துருத்தியை அமுக்கினாள். கரி சிவந்தது. மண் கலத்தில் உலோகம் தளதளத்தது. இடுக்கியை எடுக்க எழுந்தாள்.

துருத்தி நிற்கவில்லை.

உஸ்... உஸ்...

அவள் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவானோ என்று பயம்.

"நானும் வந்துடறேங்க" என்றாள் மெதுவாக.

துருத்தி நின்றது.

ஈர மண்ணின் வாசனை சட்டென்று மறைந்தது.

கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊற்றினாள்.

ஒன்றும் ஆகவில்லை.

"ஏன் என்னை வர விடல?" என்று தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சூடு ஆறிய பிறகு மணலைத் தோண்டி அச்சை வெளியே எடுத்தாள். பல நாள் வெயிலில் கிடந்ததுபோல் காய்ந்திருந்தது. அவள் வழவழவென்று தடவிய பக்கத்தில் ஒரு பள்ளம். பள்ளம் நிறைய, ஊசி குத்தியதுபோல் பொடிப்பொடிப் புள்ளிகள்.

ஒரு கன்னத்தின் அளவு.

அவள் தன் கன்னத்தை அதில் பதித்தாள்.

முள்முள்ளாய்க் குத்தியது.