ஆணி அடிக்காத குளியலறை

என் அக்கா உஸ்மா கல்யாணமாகி மீஞ்சூருக்குப் போய் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகின்றன.

கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் மீஞ்சூர். "தோ கீற மீஞ்சூருக்குப் போனதுக்கு இப்டி அழுவுறியே ஹஃப்சா!" என்று எல்லாரும் என்னைக் கேலி செய்வார்கள். அவர்களுக்கு என்ன வந்தது? பாயில் பக்கத்தில் படுத்துக் காலைத் தூக்கி என் மேல் போட்டுக்கொண்டு தூங்கும் அக்கா அவர்களுக்கா இல்லாமல் போனாள்? எனக்குத்தானே! இப்போது பாய் முழுக்க எனக்கே எனக்குத்தான். எனக்கு வேண்டாம் அந்தப் பாய்.

ஆனால் ஒரு நம்பிக்கை இருந்தது. அக்காவுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். ஏழாம் மாதம் பலகாரத் தட்டோடு போய் அழைத்து வந்துவிடுவார்கள். குழந்தை பிறந்து நாற்பது நாள் முடியும்வரை அக்கா எங்களோடுதான் இருப்பாள். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எப்படியும் நான்கு மாதம்!

அதில்தான் மண் விழுந்தது.

ஒருநாள் அக்காவின் மாமியாரிடம் பேசிவிட்டு அம்மா போனைக் கீழே வைத்தார். முகமே சரியில்லை.

"உஸ்மா அங்கியே இருக்கட்டுமாம். பிரசவத்த மீஞ்சூர்லயே பாத்துக்கலாம்னு மாமி சொல்றாங்க."

"ஏம்மா?"

"ஏன்னா? நம்ம வூட்டு பாத்ரூமுதான்."

எனக்குப் புரிந்துவிட்டது. போன பெருநாளுக்கு வந்திருந்தபோது அக்கா எங்கள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். முழங்கை பூரி மாதிரி வீங்கிவிட்டது. அதை மாமி மறக்கவில்லை. மறக்கிற மாதிரியா இருக்கிறது எங்கள் குளியலறை? போர் தண்ணீரில் இருக்கும் உப்பெல்லாம் தரையில் படிந்து வெள்ளை வெள்ளையாக இருக்கும். கால் வைத்தால் சர்ரென்று இழுக்கும். துறைமுகப் பக்கத்திலிருந்து வரும் கரித்தூள் ஜன்னல் கண்ணாடியை மூடிவிட்டதால் பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. சுவரைத் தொட்டால் கையோடு வரும்.

"நம்ம வூடா இருந்தா இடிச்சுக் கட்டிடலாம். வாடகை வூடு. இன்னா பண்றது?" என்றார் அத்தா. அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார்.

வீட்டு ஓனர் லோகநாதன் அங்கிள் மாடியில் இருக்கிறார். நல்லவர்தான். ஆனால் ஆணி என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. உப்பு அரித்த சுவர், ஒரு ஆணி அடித்தால் ஒரு கூடை காரை விழும் என்பார். பெயின்ட் கூடாது. சிமென்ட் கூடாது. அம்மா தேங்காய் உடைத்தால்கூட மேலேயிருந்து, "யாரது ஆணி அடிக்கிறது?" என்று குரல் வரும்.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"நீ வர மாட்டியாக்கா?"

"மாமி பயப்படுறாங்க ஹஃப்சா. அவங்க மேல தப்பு இல்ல. எனக்கும் அந்தத் தரையை நெனச்சா பயமாத்தான் கீது." பிறகு, "ஆனா வரணும்னு ஆசையா கீதுடி," என்றாள்.

அவள் குரல் கடைசியில் உடைந்துவிட்டது. நான் போனை வைத்துவிட்டு நேராகக் குளியலறைக்குப் போய் அதை முறைத்துப் பார்த்தேன். அப்படி ஒரு கோபம் எனக்கு! ஒரு குளியலறைக்காகவா என் அக்கா வராமல் இருக்க வேண்டும்?

இன்னும் இரண்டு வாரத்தில் வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாணம். அதற்கு வரும் மாமி அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போவார். அதற்குள் நான் ஏதாவது செய்தாக வேண்டும்.

பெருநாள் காசை எடுத்துக்கொண்டு நான்கைந்து நாள் கடை கடையாக அலைந்தேன். சுவரில் ஒட்டும் ஸ்டிக்கர் வாங்கினேன். நீல நிறத்தில், நடுவில் ஒரு சிவப்பு ரோஜா. டைல்ஸ் மாதிரியே இருக்கும். எட்டு ஸ்டிக்கரையும் வரிசையாக ஒட்டினேன். அடேயப்பா, என்ன அழகு! நானே மூன்று முறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை, வேலைக்குப் போடும் சட்டையைக் கதவில் போட்டுவிட்டு அத்தா குளித்துக்கொண்டிருக்கும்போது கூட்ஸ் ரயில் போனது. எங்கள் தெருவை ஒட்டிக் கூட்ஸ் போனால் வீடே ஒரு ஆட்டம் ஆடும். அந்த ஆட்டத்தில் ஸ்டிக்கர்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. ஒன்று பக்கெட்டில். ஒன்று சோப்பு மேல். எண்ணிப் பார்த்தால் ஏழுதான் இருந்தன. எட்டாவதைக் காணவில்லை.

சாயங்காலம் அத்தா வந்ததும் சொன்னார், "இன்னிக்கு துறைமுகத்துல எல்லாப் பசங்களும் என்னைப் பாத்து சிரிச்சுகினே சலாம் வெச்சானுங்க. இன்னாடா, மரியாதை தூக்கலா கீதேன்னு பாத்தேன்."

அவர் திரும்பினார். முதுகில், சட்டை மேல், சிவப்பு ரோஜா!

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெருநாள் காசு போச்சு. ஒரு வாரமும் போச்சு.

பள்ளிக்கூடத்தில் என் தோழி மகிழினியிடம் சொல்லி அழுதேன். அவள் வீடு காசிமேட்டில் இருக்கிறது. அவள் அப்பா படகில் மீன் பிடிக்கப் போகிறவர்.

"சொவுரு பூரா உப்பு. உப்பு மேல எதுடி ஒட்டும்?" என்றாள் அவள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். அக்கா எதனால் விழுந்தாள்? சுவரில் ரோஜா இல்லாததாலா விழுந்தாள்? நான் செய்தது எனக்குப் பிடித்த குளியலறை. அக்காவுக்கு எது வேண்டும் என்று நான் பார்க்கவே இல்லையே!

அக்காவுக்கு வயிறு பெரிதாக இருக்கும். சரி, எனக்கும் இருக்கட்டும். தலையணையை எடுத்து வயிற்றில் வைத்து, அம்மாவின் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டிக்கொண்டு குளியலறைக்குள் போனேன்.

முதலில், என் கால் எனக்கே தெரியவில்லை. தரையில் இருந்த சொம்பை எடுக்கக் குனிந்தேன். தலையணை இடித்தது, குனிய முடியவில்லை. உட்கார்ந்தேன். எழுந்திருக்கப் பிடிக்க ஒன்றும் இல்லை. குழாயைப் பிடித்தேன். அது துருப்பிடித்த குழாய், கடகடவென்று ஆடியது.

"அல்லாவே!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அக்கா பாவம், எவ்வளவு பயந்திருப்பாள்!

அந்த நேரம் பார்த்து, மோட்டார் போடப் போவதாகச் சொல்ல லோகநாதன் அங்கிள் வந்தார்.

"இன்னா பாப்பா, வயித்துல இன்னாது?"

"தலகாணி அங்கிள்."

"அது தெரியுது. எதுக்கு?"

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அக்கா, மாமி, வழுக்கல், ரோஜா, எல்லாம். அவர் தலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"எல்லாம் சரி. ஆணி மட்டும் அடிச்சிடாத," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

அடிக்கவில்லை. ஆணியே இல்லாமல் ஆரம்பித்தேன்.

தெருமுனை ஜூஸ் கடையில் பிழிந்து போடும் எலுமிச்சைத் தோலை ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். சும்மாதான் கொடுத்தார்கள். மூன்று சாயங்காலம் தரையைத் தேய் தேய் என்று தேய்த்தேன். கை எரிந்தது. ஆனால் வெள்ளை உப்பு போய்விட்டது. அத்தா ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளைக் கழற்றிக் கொடுத்தார். அவற்றைக் கழுவியதில் இரண்டு பக்கெட் தண்ணீர் கறுப்பாகிவிட்டது. திரும்ப மாட்டியதும் உள்ளே வெளிச்சம் வந்தது. அங்கே வெயில் வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மகிழினி ஒரு பெரிய ரப்பர் துண்டைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"துறைமுகத்துல கரி போற பெல்ட்டு. பழசாச்சுன்னா வெட்டி விப்பாங்க. மீன் ஏலம் விடுற எடத்துல எங்கம்மா இது மேலதான் நிப்பாங்க. ஐஸ் தண்ணி ஓடும், வழுக்கவே வழுக்காது."

விரித்துப் பார்த்தோம். குளியலறைத் தரைக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிடம் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"யாருடி வூட்டுக்குள்ள மீன் கட போட்டது? வாயும் வயிறுமா கீற பொண்ணு இந்த வாசனைல குளிக்குமா?"

புளி போட்டுத் தேய்த்தோம். சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தோம். மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் போட்டோம். மூன்றாவது நாள் பூனைகூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம்தான் அம்மா உள்ளே விட்டார்.

பக்கெட்டை ஒரு பழைய ஸ்டூல் மேல் வைத்தேன். இனிச் சொம்புக்குக் குனிய வேண்டாம். உட்கார்ந்து குளிக்க இன்னொரு ஸ்டூல். ஆனால் எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள? ஆணி அடிக்காமல் கைப்பிடி எப்படி வைப்பது?

"படகுல எத ஆணி அடிச்சுக் கட்றோம்?" என்றாள் மகிழினி. "எல்லாம் கயிறுதான்."

ஜன்னலில் அடிப் பட்டை எப்போதோ உடைந்துபோய் அங்கே ஒரு இடைவெளி இருந்தது. தடித்த படகுக் கயிற்றின் ஒரு முனையை அதன் வழியாக வெளியே விட்டோம். அத்தா சந்தில் நின்று, ஜன்னலைவிட நீளமான ஒரு கட்டையை வெளிப்பக்கம் குறுக்கே வைத்துக் கயிற்றை அதில் கட்டினார். முடிச்சை மட்டும் மகிழினி வெளியே போய் அவிழ்த்துவிட்டுத் தானே போட்டாள். "இது புடவை கட்ற முடிச்சு நைனா. படகு போயிடும்," என்று அத்தாவிடமே சொன்னாள். உள்ளே தொங்கிய கயிற்றில் ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு போட்டாள், கை நழுவாமல் இருக்க.

நான் இழுத்துப் பார்த்தேன். மகிழினி தொங்கிப் பார்த்தாள். அத்தா தொங்கிப் பார்த்தார். அசையவில்லை.

சத்தம் கேட்டு லோகநாதன் அங்கிள் இறங்கி வந்தார். உள்ளே பார்த்தார், வெளியே பார்த்தார், டார்ச் அடித்துச் சுவர் முழுக்க ஆணியைத் தேடினார்.

"ஆணி இல்லியே... கயித்துக்கு நான் ஒண்ணும் சொல்லலியே!" என்று முணுமுணுத்தார். பிறகு மாடிக்குப் போய் ஒரு சாக்குத் துண்டை எடுத்து வந்து, கட்டைக்கும் சுவருக்கும் நடுவில் செருகினார். "சொவுரு தேயும்ல?"

கடைசியாக, ஒரு பாட்டிலில் மணி பிளான்ட் வைத்து ஜன்னல் ஓரத்தில் கட்டினேன். குளிக்கும்போது பார்க்க ஏதாவது பச்சையாக இருந்தால் அக்காவுக்குப் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாமி வந்தார். தேநீர் குடித்தார், கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார். பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும், "ஒளு செய்யணும்," என்று கை கால் முகம் கழுவ எழுந்தார். அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

மாமி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ரொம்ப நேரம் ஆயிற்று. அப்போது பார்த்து வந்தது கூட்ஸ் ரயில்! வீடு ஆடியது. உள்ளே ஏதோ தொம்மென்று விழுந்தது.

"யா அல்லாஹ்!" என்றார் அம்மா. நான் கதவருகே ஓடினேன். போச்சு, எல்லாம் போச்சு.

கதவு திறந்தது. முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட மாமி நின்றார்.

"சொம்பு விழுந்துடுச்சு. நான் விழல," என்றார். "வூடு ஆடுச்சா, கயித்தப் புடிச்சுகினு நின்னுட்டேன். யாரு கட்னது அத?"

"நானும் மகிழினியும், மாமி."

"புள்ளத்தாச்சிக்கு எழுந்திருக்கப் புடிமானம் வேணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தலகாணி கட்டிப் பாத்தேன்."

மாமிக்குப் புரியவில்லை. நான் தலையணையைக் கட்டிக்கொண்டு நடந்து காட்டினேன். மாமி சிரித்தார் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அடக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது.

"மாமி, அக்காவ அனுப்புங்க மாமி. எனக்கு எங்கக்கா வேணும்."

மாமியின் சிரிப்பு நின்றது. ஈரக் கையால் என் கன்னத்தைத் துடைத்தார். தொழுதார், புறப்பட்டுப் போய்விட்டார்.

நான்கு நாள் போன் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மாமியே பேசினார். அடுத்த வெள்ளிக்கிழமை பலகாரத்தோடு வந்து உஸ்மாவை அழைத்துப் போகச் சொன்னார். வரும்போது படகுக் கயிறு ஒன்று எடுத்து வர வேண்டுமாம். மாமிக்கு முட்டிவலி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா வந்தாள். மூச்சு வாங்கியது, முகம் உப்பியிருந்தது, அவ்வளவு அழகாக இருந்தாள். வந்ததும் குளிக்கப் போனாள். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டேன்.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் குரல்.

"ஹஃப்சா, வெளிய கீறியா?"

"கீறேன்க்கா."

"எங்கயும் போயிடாதடி."

"நானா? நீதான் போயிட்ட."

உள்ளே சத்தம் நின்றுவிட்டது. பிறகு தாழ்ப்பாள் விலகிக் கதவு கொஞ்சமாகத் திறந்தது. ஈரக் கை ஒன்று வெளியே வந்து, தடவித் தேடி, என் கையைப் பிடித்துக்கொண்டது.

"தோ, வந்துட்டேன்ல," என்றாள் அக்கா.