ஸ்டிபேயின் முப்பத்தோராவது நகர்த்தல்

லூபா என் குகைவீட்டுக் கதவைத் தட்டியபோது பகல் பதினோரு மணி. வெளியே நாற்பத்தாறு டிகிரி. ஆஸ்திரேலியப் பாலைவனத்துக் கூபர் பீடியில் எங்களில் பாதிப்பேர் மலைக்குள்தான் குடியிருக்கிறோம். ஓப்பல் ரத்தினக்கல் தேடி வெட்டிய குழியிலேயே கட்டில், அடுப்பு, மேசை எல்லாம். விளக்கை அணைத்தால் நட்டநடுப் பகலிலும் கண்ணுக்கு எதிரே கை தெரியாது.

"ஸ்டிபேவோட சாமான். ஆஸ்பத்திரில குடுத்தாங்க. எனக்கு எதுக்கு?" என்று ஒரு துணிப்பையை மேசைமேல் வைத்தாள். புருஷன் போய் ஒன்பது நாள். அழுது முடித்த முகம்.

அவள் கண் சதுரங்கப் பலகைமேல் போனது. அவர் கடைசியாக ஆடிய ஆட்டம் காய் கலையாமல் அதில் நின்றது.

"இன்னும் இதையேவா பாத்துக்கிட்டிருக்க?"

"ஒரு சந்தேகம். அதான்."

"ஒங்க கிளப்பு தானாசிஸ் சொன்னான். தோத்தவன் ஆராய்ச்சி பண்ணலாம், ஜெயிச்சவனுக்கு என்ன கேடுன்னு."

பதினோரு வருஷம் ஸ்டிபேயிடம் ஆடியிருக்கிறேன். ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. இந்த வருஷம் கிளப்பின் இறுதி ஆட்டத்தில் முப்பத்தோராவது நகர்த்தலுக்கு அவர் நாற்பத்தொரு நிமிஷம் யோசித்தார். அவர் பக்கத்துக் கடிகாரத்தின் சிவப்புக்கொடி விழுந்தது. "நேரம் முடிஞ்சுது" என்றேன். அவர் தலையைத் தூக்கவில்லை. தூக்க அவர் இல்லை.

கோப்பையில் என் பெயரைப் பொறித்தார்கள். ஆட்டக் கடிகாரம் ஜெயித்தவன் வீட்டில் ஒரு வருஷம் இருப்பது கிளப் வழக்கம். அதையும் கொண்டுவந்து, முள்ளைத் தொடாமல் பலகையருகே வைத்திருந்தேன். அவர் பக்கம் கொடி விழுந்திருந்தது. என் பக்கம் ஒன்பது நிமிஷம் மீதி.

எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். அந்த நேரத்தில் பலகையில் நான் தோற்றுக்கொண்டிருந்தேனா? இல்லையென்றால் கோப்பை என்னுடையது. ஆமென்றால் நான் பிணத்தை ஜெயித்தவன். ஒன்பது நாளாக அவருடைய வெள்ளைக் காய்களை எல்லா வழியிலும் நகர்த்திப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் எனக்கு ஒரு பதில் இருந்தது. கிட்டத்தட்ட நிம்மதி வந்திருந்தது.

"யூரே, எதிர்லதானே உக்காந்திருந்த. நெஜமாவே ஒனக்குத் தெரியலையா?" என்றாள் லூபா.

"யோசிக்கிறார்னு நெனச்சேன். ஆட்டத்துல எதிராளிகிட்ட பேசக் கூடாது லூபா. சட்டம்."

"அரை மணி முன்னாடி தூக்கியிருந்தா பொழைச்சிருப்பாருன்னு டாக்டர் சொல்றார்." சுவரைப் பார்த்துச் சொன்னாள். "பழி சொல்ல வரல. ஒங்க கூட்டமே அப்படித்தான். சுரங்கம் இடிஞ்சு விழுந்தாலும் அடுத்தது யார் நகர்த்தணும்னு பாப்பீங்க."

போய்விட்டாள்.

பையில் ஒரு கைக்கடிகாரம், கிராம்பு டப்பா, மடித்த ஆட்டத்தாள். சொத்தைப் பல்லுக்காக எந்நேரமும் கிராம்பு மெல்லுவார். வலது கையில் மூன்று விரல்தான். மற்ற இரண்டை வெடிமருந்து தின்றுவிட்டது. அந்த மூன்று விரலால் நகர்த்தலை முதலில் தாளில் எழுதி, நான் பார்க்காமலிருக்க அதன்மேல் கைக்கடிகாரத்தை வைத்து மூடிவிட்டு, பிறகுதான் காயைத் தொடுவார். பழைய ஆட்டக்காரர்களின் பழக்கம் அது.

தாளைப் பிரித்தேன்.

முப்பத்தொன்று: குதிரை, பின்னால்.

பதினோரு வருஷத்தில் ஸ்டிபே பின்வாங்கி நான் பார்த்ததில்லை. அதனால் அந்த ஒன்றை மட்டும் நான் நகர்த்திப் பார்க்கவேயில்லை. குதிரை விலகினால் அதன் பின்னால் நிற்கும் யானைக்கு என் ராஜாவரை நேர்வழி.

எழுதியிருந்தார். காயை நகர்த்தத்தான் ஆயுள் இல்லை.

விளக்கு அணைந்தது.

ஜெனரேட்டர் நின்றிருக்கும் என்று நினைத்தேன். எழுந்திருக்கப் போனேன்.

கிராம்பு வாசனை.

டப்பாவை நான் திறக்கவில்லை.

டொக். பலகைமேல் ஒரு காய் வைக்கும் சத்தம். அப்புறம் கடிகாரப் பொத்தானை அமுக்கும் சத்தம். அப்புறம் டிக், டிக் என்று முள் ஓட ஆரம்பித்தது.

தீக்குச்சி கிழித்தேன். குதிரை பின்னால் நின்றது. என் பக்கத்து முள் ஓடியது. எதிர் நாற்காலி காலி.

ஒன்பது நிமிஷம். யானையைக் குறுக்கே வைத்தால் நாலாவது நகர்த்தலில் சாவு. சிப்பாயைத் தள்ளினால் மூன்றில். ராஜாவை நகர்த்தினால் அடுத்ததிலேயே. குச்சிமேல் குச்சி கிழித்தேன். விரல் சுட்டது. ராணியைக் கொடுத்துப் பார்த்தேன், மனசுக்குள்ளே. சாவுதான்.

கடைசிக் குச்சியும் அணைந்தது.

ஆட்டம் முடிந்ததும் அதே பலகையில் இருவரும் சேர்ந்து, எங்கே தப்பு என்று மறுபடி ஆடிப்பார்ப்போம். கைகுலுக்கியதும் ஸ்டிபே வழக்கமாகச் சொல்வது: "கடிகாரம் நின்னாச்சு. இனிமே பொய் கெடையாது." அந்த ஆட்டத்துக்கு மட்டும் அது நடக்கவில்லை.

இருட்டில் மெல்லும் சத்தம் கேட்டது. மெதுவாக, ஒரு பக்கப் பல்லால்.

"ஆறாவது நிமிஷம்" என்றேன்.

மெல்லுவது நின்றது.

"ஆறாவது நிமிஷமே தெரியும். ஒங்க தாடை நின்னுச்சு. கண்ணோரத்துல ஈ உக்காந்துச்சு, எமை அசையல. கத்தினா கடிகாரத்த நிறுத்திருவாங்க, வேற நாள் ஆடணும். தோத்துருவேன். முப்பத்தஞ்சு நிமிஷம் அந்த ஈயப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."

முள் மட்டும் ஓடியது. கையைத் துழாவி என் ராஜாவைப் படுக்க வைத்தேன். கடிகாரத்தை நிறுத்தினேன். தோற்றவன் செய்யவேண்டியது ஒன்று பாக்கி. இருட்டுக்குள் வலது கையை நீட்டினேன்.

பிடித்தது.

கட்டைவிரல், இன்னும் இரண்டு விரல். அவ்வளவுதான். சுரங்கத்து அடிப்பாறைபோல சில்லென்று.

டொக். டொக். காய்கள் ஒவ்வொன்றாகத் தத்தம் முதல் கட்டத்துக்குத் திரும்பும் சத்தம். முப்பத்திரண்டையும் எண்ணினேன்.

சாயங்காலம் விளக்கு தானாக எரிந்தது. எதிரே யாரும் இல்லை. கதவுக்கு வெளியே தானாசிஸ் கத்திக்கொண்டிருந்தான்.

"டேய் யூரே, நீயும் செத்துட்டியாடா? கோப்பைல பீர் ஊத்தணும், தொற."

என்னால் எழுந்து போக முடியவில்லை. கொஞ்ச நேரம் உதைத்துவிட்டு, திட்டிக்கொண்டே போய்விட்டான்.

லூபா, இது உங்களுக்குத்தான். கேட்டீர்களே, தெரியலையா என்று. தெரியும். ஆட்டத்தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன்.

வலது கையை அவர் இன்னும் விடவில்லை.