குஞ்சு நீர்

ஏரி அசையாமல் கிடந்தது. அதற்குள் இருந்த மீன்குஞ்சுகளுக்கு மட்டும் அங்கே ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

செவ்வாற்றின் குறுக்கே நின்ற மணலூர்த்துறை அணையின் நீர்ப்பரப்பில் இரண்டு வரிசையாக நட்டிருந்த கம்பங்கள்தான் அந்த ஆற்றை உண்டாக்கின. ஓட்டமூட்டி என்று பெயர். மீனின் விலாவில் ஒரு கோடு உண்டு. தண்ணீர் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதை மீன் அதை வைத்துத்தான் உணர்கிறது. கம்பங்கள் அனுப்பும் நுண்ணதிர்வு அந்தக் கோட்டை ஏமாற்றியது. உல்ல மீன் ஆற்றில் பிறந்து கடலில் வளர்வது. முன்பெல்லாம் அதன் குஞ்சுகள் தேங்கிய நீரில் திசை தெரியாமல் சுற்றி, வாளைக்கு இரையாகின. அல்லது மின்சாரம் எடுக்கும் சுழலிகளுக்குள் இழுபட்டுச் செத்தன. இப்போது இல்லாத ஓட்டத்தை நம்பி அணையின் ஓரத்துக்கு நீந்திவந்து, மீன்கள் இறங்கவென்றே கட்டிய மீன்சறுக்கு வழியாகக் கீழே இறங்கின.

கூடவே ஒரு நீதிமன்ற உத்தரவும் இருந்தது. மாசியில் குஞ்சுகள் சறுக்கில் இறங்கத் தொடங்கினால், அவை இறங்கி முடியும்வரை ஆற்றில் தண்ணீர் விட வேண்டும். அதற்குக் குஞ்சு நீர் என்று பெயர். சறுக்கில் இருந்த எண்ணி இறங்கும் குஞ்சுகளைக் கணக்கிட, அதன்படி மதகுகள் தாமாகவே திறந்து மூடின. செவ்வாற்றுத் தண்ணீரை மனிதர்களுக்குப் பங்கிட்டுப் போட்ட ஒப்பந்தம் எதுவும் நிலைக்கவில்லை. மீனுக்குப் போட்டது நிலைத்தது. மீன் எந்தக் கட்சியிலும் இல்லை.

ஓட்டமூட்டியின் பொறுப்பாளர் அஞ்சுகம். அவள் பிறந்த ஊர் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் உப்பங்குடி. கோடையில் குஞ்சு நீர் வந்தால்தான் அங்கே கடல் பின்வாங்கும், கிணறு இனிக்கும்.

அந்தப் பங்குனி வெயில் யாரும் கண்டிராதது. நடுப்பகலில் கட்டுப்பாட்டு அறைத் திரையைப் பார்த்த அஞ்சுகம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். சறுக்குக்குக் கீழே இருந்த மடுவில் குஞ்சுகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. குஞ்சு நீர் ஏரியின் மேல்மட்டத்திலிருந்து போவது. வெயிலில் காய்ந்து அது வெந்நீராகியிருந்தது. நீருக்கடியில் நகர்வதைக் காட்டும் ஒலித்திரையில் இன்னொரு பெருங்கூட்டம் கரிய மேகம்போல் சறுக்கை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"அடிமதகைத் திறங்க சார். ஆழத்துத் தண்ணி கொஞ்சம் இறங்கினாப் போதும், மடு குளுந்துடும்."

அணையின் செயற்பொறியாளர் தனிஸ்லாஸ் தொலைபேசியை அப்போதுதான் கீழே வைத்திருந்தார். "அது நகரத்துக் குடிதண்ணிம்மா. மேலிடத்துல கேட்டுட்டேன். பார்த்துச் சொல்றோம்ங்கிறாங்க."

"அவங்க பார்க்கறதுக்குள்ள எல்லாம் செத்துடும்."

"சறுக்கை மூடிடலாமா?"

"மூடினா எங்க போகும்? பக்கத்துலதான் சுழலி வாய்."

மேகத்தின் முனை சறுக்கைத் தொட்டுவிட்டது. அஞ்சுகம் விசைப்பலகைமேல் கையை வைத்தபடி நின்றாள்.

"ஓட்டத்தைத் திருப்பிடறேன் சார். ஏரித்தலைக்கு. அங்க மலைத்தண்ணி வந்து விழுது, ஆழமும் இருக்கு."

"இதுவரைக்கும் யாராவது திருப்பியிருக்காங்களா?"

"இல்ல."

"கேக்குமா அதுங்க?"

"தெரியல சார். திரும்பறப்ப சுழலி வாயைத் தாண்டித்தான் போகணும். நீங்க சுழலியை நிறுத்தணும்."

இந்த வெயிலில் சுழலிகள் நின்றால் நகரத்தில் மின்விசிறிகள் நிற்கும், மருத்துவமனைகள் மாற்று மின்சாரத்துக்கு ஓடும். தனிஸ்லாஸ் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஓய்வு பெற அவருக்குச் சில வருடங்களே இருந்தன. மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிவப்பு விசையைத் திருகினார்.

"யார் கேட்டாலும் நான்தான் நிறுத்தினேன்னு சொல்லு. நீ உன் வேலையைப் பாரு."

அஞ்சுகம் அதிர்வைத் திருப்பினாள். மேகம் சிதறியது. முன்னால் வந்தவை வட்டமடித்தன, பின்னால் வந்தவை அவற்றின்மேல் மோதின. சுழலிகள் இன்னும் முழுதாக நிற்கவில்லை. வாயருகே தண்ணீர் இழுத்துக்கொண்டே இருந்தது. மேகத்தின் ஒரு துண்டு பிய்ந்து அந்தப் பக்கம் சரிந்து மறைந்ததை அவள் பார்த்தாள். கையை எடுக்கவில்லை. தரை வழியாக வந்த உறுமல் தேய்ந்து அடங்கியது. பிறகு, மெதுவாக, மிச்சமிருந்த கூட்டம் முழுவதும் தலையைத் திருப்பிக்கொண்டு ஏரியின் மேற்குப் பக்கம் நகர்ந்தது.

அறையில் இருந்த எல்லாத் தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் அடிக்க ஆரம்பித்தன.

சாயங்காலம் உப்பங்குடியிலிருந்து அண்ணன் வேலாயுதம் கூப்பிட்டார். "என்ன அஞ்சு, ஆத்துல தண்ணி நின்னு போச்சு?"

"மீனு இறங்கலண்ணே, அதான் மதகு தானா மூடிக்கிச்சு. வெயில் தணியட்டும், திரும்ப அனுப்பிடறேன்."

வெயில் தணிந்து, கோடைமழையும் பெய்தது. அஞ்சுகம் ஓட்டத்தைக் கடல் பக்கமாகத் திருப்பினாள். குஞ்சுகள் வரவில்லை. கடலுக்குப் போக வேண்டிய பருவத்தில் உல்லக் குஞ்சின் செவுளில் ஒரு மாற்றம் நடக்கும். உப்பை வெளியேற்றும் திறன் வரும், கூடவே போக வேண்டும் என்ற தவிப்பும் வரும். பருவம் தப்பினால் இரண்டும் அடங்கிவிடும். காப்பாற்றிய குஞ்சுகள் ஏரித்தலையின் குளிர்ந்த ஆழத்தில் கொழுத்து வளர்ந்தன.

பத்திரிகைகள் அவளைக் கொண்டாடின. அதனாலேயே தனிஸ்லாஸ்மேல் எடுத்த நடவடிக்கையும் கைவிடப்பட்டது. ஏரியில் தங்கிய மீன்கள் மலையோடையில் முட்டையிட்டன. ஏரியில் பிறந்த குஞ்சுகளுக்குச் செவுள் மாறவே இல்லை. கடலிலிருந்து தாய்மீன்கள் ஏறிவர, வறண்ட முகத்துவாரத்தில் வழியும் இல்லை. நகரத்துச் சந்தையில் ஏரி உல்லம் மலிந்தது.

உத்தரவில் ஒரு வரி இருந்தது. தொடர்ந்து மூன்று பருவம் சறுக்கில் குஞ்சு இறங்காவிட்டால், குஞ்சு நீர் இனி எப்போதும் கிடையாது.

மூன்றாவது மாசி முடியப் போகையில் வேலாயுதம் நேரிலேயே வந்து நின்றார். ஆள் கருத்து மெலிந்திருந்தார். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"நம்ம கெணத்துத் தண்ணி. குடிச்சுப் பாரு."

ஒரு வாய்க்குமேல் அவளால் விழுங்க முடியவில்லை.

"வயலு போயிடுச்சு. பாதி ஊரு கெளம்பிடுச்சு. உங்க அண்ணி சிறுநீரகத்துல கல்லுன்னு படுத்துக் கெடக்கா. மீனு இறங்கினாத்தானே தண்ணி? இறக்கு."

"அதுங்களுக்குக் கடல் ஒத்துக்காதுண்ணே. உப்புத் தண்ணியில விட்டா செத்துடும். அத்தனையும்."

"சரி. நாங்க?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை.  மேலதிகாரிகளுக்கு அஞ்சுகம் எழுதாத மனு இல்லை. ஊருக்குத் தண்ணீர் வேண்டும் என்று எழுதினால், உத்தரவு மீனைப் பற்றியது என்று பதில் வந்தது.

மறுநாள் காலை அவள் ஓட்டமூட்டியை முடுக்கினாள். குஞ்சுகள் அசைந்து கொடுக்கவில்லை. அதிர்வுக்கு எதிராகத் தலையை வைத்து, இருந்த இடத்திலேயே நீந்திக்கொண்டிருந்தன. அவள் விசையைக் கூட்டினாள். எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மேலும் கூட்டினாள்.

"அளவு தாண்டுதும்மா," என்றார் பின்னால் நின்ற தனிஸ்லாஸ்.

"தெரியும் சார்."

அவர் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மத்தியானத்துக்குமேல் குஞ்சுகள் களைத்துப்போயின. இல்லாத ஓட்டத்தோடு போராடிப் போராடி ஓய்ந்து, ஒவ்வொன்றாகத் திரும்பின. பிறகு கூட்டமாகத் திரும்பின. சறுக்கின் எண்ணி சடசடவென்று ஓடியது. மணி அடித்தது. மதகுகள் தாமாகவே மேலே எழும்பின.

ஒரு வாரம் கழித்து வேலாயுதம் கூப்பிட்டார். பின்னணியில் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.

"அஞ்சு! ஆறு கரையைத் தொட்டுக்கிட்டுப் போவுது. கெணத்துல உப்பு கொறைஞ்சிடுச்சு. உங்க அண்ணி எழுந்து வந்து சோறு பொங்கினா. போனவனெல்லாம் திரும்பி வர்றான்."

"சந்தோசம்ணே."

கூச்சல் தேய்ந்தது. அவர் தள்ளி வந்திருந்தார்.

"முகத்துவாரத்துல மீனா ஒதுங்குது. விரல் நீளத்துக்கு, வெள்ளை வெளேர்னு. வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு. நாத்தம் ஊருக்குள்ள வருது. நாங்க குழி வெட்டிப் பொதைக்கிறோம்." குரல் தாழ்ந்தது. "ஏம்மா, அடுத்த வருசத்துக்கு மிச்சம் இருக்கா?"

அஞ்சுகம் ஒலித்திரையைப் போட்டாள். ஏரித்தலையில், குளிர்ந்த ஆழத்தில், தாய்மீன்கள் கூட்டம் கூட்டமாக அசைந்துகொண்டிருந்தன.

"இருக்குண்ணே," என்றாள்.