ஆறாவது மூச்சு

துவைத்த துணிகளை அவள் மடித்துக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து கணவர் கூப்பிட்டார்.

"இங்க வாயேன், ஒரே நிமிஷம்."

அவருடைய ஒரு நிமிஷம் எவ்வளவு நீளும் என்று அவளுக்குத் தெரியும். தலையணை உறையைப் பாதி மடிப்பில் விட்டுவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். திரை இழுத்துவிட்ட அறை. மூன்று சுவர்களிலும் தரையிலிருந்து கூரை வரை இசைத்தட்டுகள். பழைய அட்டைகளின் புளித்த வாசனையோடு, சூடேறிய ஆம்ப்ளிஃபையரில் தூசு கருகும் வாசனை. எல்லாம் ஐம்பதுகளின் ஜாஸ். அந்தக் காலத்து அச்சு கிடைக்காதவற்றுக்கு, பெட்டி பெட்டியாக வரும் மறுபதிப்புகள்.

அவர் மடியில் இருந்தது புதிதாக வந்த பெட்டி. ஐந்து பேர் சேர்ந்து வாசித்த ஒரே ஒரு ஆல்பம். அதற்காக ஒலிப்பதிவுக் கூடத்தில் ஓடிய டேப் முழுவதையும் பத்துத் தட்டுகளில் போட்டிருந்தார்கள். தப்பிப்போன வாசிப்புகள், பாதியில் நின்றவை, ஒரு வாசிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே யாரோ நாற்காலியை இழுத்தது, யாரோ சிரித்தது. பாட்டைக் கேட்க ஆசைப்படுகிறவர் கடையில் ஒரு தட்டு வாங்கினால் போதும். இவருக்குப் பாட்டுக்கு நடுவே இருக்கும் வெறும் அறையும் வேண்டும்.

ஹெட்ஃபோனை அவள் தலையில் மாட்டினார். "எத்தன பேருன்னு சொல்லு."

இரைச்சல். டேப்பின் மெல்லிய, மணல் சரிவது போன்ற இரைச்சல். அதற்கு அடியில், அடுத்த வாசிப்புக்காகக் காத்திருப்பவர்களின் மூச்சு.

"அஞ்சு பேரு. பெட்டி மேல படத்துலயே இருக்காங்களே."

"ஆறு." அவர் கண் பளபளத்தது. "டிரம்பெட், சாக்ஸபோன், பியானோ, பாஸ், டிரம்ஸ். ஆறாவதா ஒருத்தன் சும்மா உக்காந்திருக்கான். எந்தப் புத்தகத்துலயும் இல்ல. எவனும் கண்டுபிடிக்கல. நான் கண்டுபிடிச்சிருக்கேன்!"

அவள் காது பரிசோதனை செய்கிறவள். கேட்காததைக் கேட்டதாகச் சொல்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். "உங்க வலது காது போயிட்டிருக்குன்னு போன மாசமே சொன்னேன். கேக்காத எடத்த மூளை இட்டு நிரப்புது. அவ்வளவுதான்."

"உன் மெஷினுக்கு என்ன தெரியும்? பீப் பீப்னு கத்தத் தெரியும்." சிரித்துக்கொண்டே ஹெட்ஃபோனைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டார். "டீ போடறியா?"

"வேற வேலையே இல்ல எனக்கு."

டீ போட்டாள். கொண்டு வந்தபோது பதிவு முடிந்து, தட்டு கடைசிப் பள்ளத்தில் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. ஊசி ஒரே இடத்தில் மோதி மோதித் திரும்பியது. அவர் கை வால்யூம் குமிழின் மேல் இருந்தது. குமிழ் கடைசி வரை திருப்பப்பட்டிருந்தது. பாட்டுக்காக யாரும் அப்படித் திருப்ப மாட்டார்கள், காது கிழிந்துவிடும். சத்தமே இல்லாத இடத்தில், அந்தச் சத்தமின்மையைப் பெரிதாக்கிப் பார்க்கத்தான் அப்படித் திருப்புவார்கள்.

கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். கோபமாகக் கூப்பிட்டாள்.

மாரடைப்பு என்றார் டாக்டர்.

*

வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். பிடித்ததைக் கேட்டுக்கொண்டே போய்விட்டாராம். கொடுத்துவைத்தவராம். யாருக்குக் கொடுத்துவைத்தது என்று திருப்பிக் கேட்க அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. கூப்பிட்டால் பதில் சொல்லாத மனிதரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவள் அவள். 'ம்' என்று ஒரு சத்தம், அதுவும் தட்டைத் திருப்பிப் போடும் இடைவெளியில். கடைசியில் அந்த 'ம்' கூட இல்லாமல் போனார்.

துக்கம் விசாரிக்க 'மோனோ மாமா' வந்தார். அந்தப் பேரை வைத்தது மகள். ஒரே தடத்தில் ஒலிக்கும் மோனோதான் இசை, ஸ்டீரியோ வந்த நாளோடு அது செத்துப்போயிற்று என்று நம்புகிற மனிதர். கணவருக்கு இருந்த ஒரே சிநேகிதர். சோபாவில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கண் அலமாரிப் பக்கம் போயிற்று. பிறகு ஆளும் போனார். அட்டைகளின் முதுகை விரல் தானாகத் தடவிக்கொண்டு நகர்ந்தது.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காதம்மா. இதையெல்லாம் யாருகிட்டயாவது குடுக்கறதா இருந்தா..."

"சாம்பல் இன்னும் சூடு ஆறல, அண்ணா."

"அய்யோ, அதில்லம்மா." விரலை இழுத்துக்கொண்டார். "அன்னைக்குக் காலைல ஃபோன் பண்ணினான். ஆறாவது ஆளு, ஆறாவது ஆளுன்னு ஒரே குஷி. என்கிட்டயும் அதே பெட்டி இருக்கு, அதே அச்சு. நானும் போட்டுக் கேட்டேன். அஞ்சு பேருதான்."

"உங்க காதுக்கு வயசாயிடுச்சு."

"இருக்கலாம். ஆனா அவன் இன்னொண்ணும் சொன்னான்." தயங்கினார். "வால்யூமக் கூட்டக் கூட்ட அந்த ஆளு கிட்ட வர்றானாம்."

"சத்தத்தக் கூட்டினா எல்லாந்தான் கிட்ட வரும்."

"மத்த அஞ்சு பேரும் கிட்ட வரலன்னான்மா."

அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, எரிச்சல். விலை பேச வந்தவர் பேய்க்கதை சொல்கிறார். வாசல் வரை போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். மோனோ மாமா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தாள். மகள் குறுக்கே நின்றாள். கல்லூரியில் படிக்கிறவள், அப்பாவின் மூக்கு, அப்பாவின் பிடிவாதம்.

"அப்பாவோடத ஒண்ணுத்தையும் தொடாத."

"உங்கப்பாவத் தின்னது இதுங்கதான்டி."

"நீ ஒரு நாளாவது அவரோட உக்காந்து கேட்டிருப்பியா?"

"நானும் உக்காந்துட்டா சோறு யாரு பொங்கறது?"

அறைக் கதவு முகத்துக்கு நேராகச் சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளே ஊசி இறங்கும் சத்தம். பிறகு எதுவும் இல்லை. ஹெட்ஃபோனில் கேட்கிறாள். அப்பாவைப் போலவே.

*

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. மகள் கல்லூரிக்குப் போவதும் குறைந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் பதில் இல்லை. இரண்டாம் முறை கூப்பிட்டால் 'ம்'. அந்த 'ம்' கேட்டபோது அவளுக்குக் கரண்டியைச் சுவரில் எறியத் தோன்றியது. ஒருத்தரைக் கொடுத்தாயிற்று. இருக்கும் ஒன்றையும் அந்தக் கறுப்புத் தட்டுகளுக்குத் தூக்கிக் கொடுப்பதற்கில்லை.

ஒரு நாள் வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். வெளியே இன்னும் வெயில் இருந்தது. தெருவில் யாரோ வண்டியைக் கழுவும் சத்தம், குழாய்த் தண்ணீர் தகரத்தில் அடிக்கும் சத்தம். அறைக்குள் மட்டும் அந்த வெயிலும் இல்லை, அந்தச் சத்தமும் இல்லை. திரைக்குப் பின்னால் காற்று கெட்டியாகி நின்றதுபோல் இருந்தது. மகள் அவருடைய நாற்காலியில் இருந்தாள். கண் திறந்திருந்தது. வால்யூம் குமிழ் கடைசி வரை திருப்பப்பட்டிருந்தது.

மகளின் தலையிலிருந்து ஹெட்ஃபோனைப் பிடுங்கினாள். கீழே எறியத்தான் பிடுங்கினாள். ஆனால் கை தானாக அதைத் தன் காதுக்குக் கொண்டுபோயிற்று. தொழில் பழக்கம்.

மணல் சரிவது போன்ற அதே இரைச்சல். அடியில் மூச்சு.

எண்ணினாள். கோபத்தோடு எண்ணினாள், இல்லை என்று நிரூபிப்பதற்காக. தூரத்தில் ஐந்து, ஒவ்வொன்றும் தன் இடத்தில். ஆறாவது பக்கத்தில். மிகப் பக்கத்தில், வலது காது மடலுக்குப் பின்னால், ஈரமாக, அவசரமே இல்லாமல்.

பிறகு ஏழாவது.

உள்ளே போகும்போது சரியாகப் போகும். வெளியே வரும்போது நடுவில் ஒரு சின்னத் தடுக்கல், மூக்கில் ஒரு விசில். பக்கத்தில் படுத்துப் படுத்து அவளுக்கு மனப்பாடமான மூச்சு. தூக்கம் கெடுத்த மூச்சு. குப்புறப் படுங்க என்று முதுகில் குத்தி நிறுத்திய மூச்சு. அது அங்கே, என்றோ செத்துப்போன ஐந்து பேருக்கு நடுவே, நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

அவளுக்குத் தலை முதல் கால் வரை பற்றி எரிந்தது. "அங்கயா?" என்று கத்தினாள். "அங்க போய் உக்காந்துட்டீங்களா?"

தட்டை உருவி முழங்காலில் வைத்து உடைத்தாள். துண்டுகளை மறுபடியும் உடைத்தாள். விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது. பெட்டியிலிருந்த மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். மகள் தடுப்பாள், அழுவாள், கையைக் கடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அழுதால் நல்லது. கடித்தால் இன்னும் நல்லது.

மகள் அசையவில்லை. தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"பரவால்லம்மா. இன்னும் கேக்குது."

*

மறுநாள் கிளினிக் திறப்பதற்கு முன்பே மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினால் போதும்: இது உன் காது, இது கேட்கிறது, இது கேட்கவில்லை, மீதி எல்லாம் உன் மூளை. கணவரிடம் வாயால் சொன்னாள். அவர் சிரித்தார். இவளிடம் கண்ணுக்கு முன்னால் காட்ட வேண்டும்.

ஒலி புகாத சின்ன அறை. கனத்த கதவு, சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு, இரண்டு கண்ணாடிகள் பதித்த ஒரு ஜன்னல். மகளை உட்கார வைத்து ஹெட்ஃபோனை மாட்டி, பொத்தானைக் கையில் கொடுத்தாள்.

"சத்தம் கேட்டா அழுத்து. கேக்கலன்னா அழுத்தாத. என்னப் பாக்காத."

"தெரியும்மா."

கதவைச் சாத்தியதும் உள்ளே இருந்த மகளுக்கு வெளியுலகம் அறுந்தது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம், மேசையிலிருந்த கருவிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். தனக்கான ஹெட்ஃபோனை மாட்டினாள். உள்ளே இருப்பவர் பேசினால் கேட்பதற்கு அதில் ஒரு மைக் இணைப்பு உண்டு. எப்போதும் அவள் உடனே ஆரம்பிப்பதில்லை. முதலில் கொஞ்ச நேரம் எந்தச் சத்தத்தையும் அனுப்பாமல் காத்திருப்பாள். பொய்யாக அழுத்துகிறவர்கள் அந்தக் காத்திருப்பில் மாட்டிக்கொள்வார்கள். சத்தம் வருமென்று நினைத்தே அழுத்திவிடுவார்கள்.

காத்திருந்தாள்.

மேசையில் சிவப்பு விளக்கு எரிந்தது. மகள் அழுத்துகிறாள்.

அணைந்தது.

எரிந்தது. அணைந்தது. சீராக. ஏறி, நடுவில் ஒரு தடுக்கல், இறங்கி. அவளுக்கு மனப்பாடமான சீர்.

மைக்கைத் திறந்தாள். "போதும். பொத்தானக் கீழ வை."

மகள் விரலை உதட்டில் வைத்தாள். "சும்மா இரும்மா. ஆரம்பிக்கப் போறாங்க."

அப்போது ஹெட்ஃபோனில் அந்தப் பஞ்சு அறையின் மௌனம் திறந்துகொண்டது. மணல் சரிந்தது. தூரத்தில் நாற்காலி ஒன்று இழுபட்டது. அந்த அறையில் இருந்தது ஒரே நாற்காலி, மகள் உட்கார்ந்திருந்தது. அது நகரவில்லை.

மகளின் மூச்சு தெளிவாகக் கேட்டது. இளம் மூச்சு. அதைச் சுற்றி மற்றவை.

"அவள விடுங்க!" அவள் கத்தினாள். மேசை அதிர்ந்தது. "இத்தன வருஷம் எனக்கு ஒரு வார்த்த குடுக்கல நீங்க. என் பொண்ணக் கேக்க உங்களுக்கு என்ன உரிமை இருக்கு? பதில் சொல்லுங்க! ஒரு தடவையாவது பதில் சொல்லுங்க!"

எழுந்துவிட்டாள். கதவு நாலு எட்டில் இருந்தது. பூட்டு கிடையாது. இழுத்தால் திறந்துவிடும்.

ஹெட்ஃபோனில் ஒருவர் தொண்டையைச் செருமினார். பேச ஆரம்பிக்கும் முன் கணவர் செருமுவது போல.

அவள் நின்றாள்.

என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க நின்றாள். கேபிள் இழுபட, ஒரு கை காதின் மேல், மூச்சைப் பிடித்துக்கொண்டு. ஒரு கணம்தான். அவருடைய ஒரு வார்த்தைக்காக. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகளின் தலை, கூர்ந்து கேட்பவர்களின் தலை சாய்வது போல, மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

யாரோ விரலைச் சொடுக்கித் தாளம் கொடுத்தார்கள்.

ஒன்று.

இரண்டு.

சிவப்பு விளக்கு எரிந்தது. அணையவில்லை. ஹெட்ஃபோனில் அந்த இளம் மூச்சு விலகிப் போய், தூரத்தில், மற்ற மூச்சுகளுக்கு நடுவே எட்டாவதாக உட்கார்ந்தது.

மேசையில் ஒலி அளவு காட்டும் முள் பூஜ்யத்தில் இருந்தது. அவள் இன்னும் ஒரு சத்தமும் அனுப்பியிருக்கவில்லை.