பதினாலும் இருபத்திரண்டும்

திங்கட்கிழமை காலை கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஞானாம்பாள் வீட்டுக் கதவைத் தட்டிய பெண்ணின் கையில் ஒரு துணிப்பை இருந்தது. பைக்குள்ளிருந்து கருகிய பிளாஸ்டிக் நாற்றம் வந்தது. உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பாலகுமார் அதை மோந்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பாலகுமார் எதிர்வீட்டுக்காரர், ஸ்டேஷனரி கடை நடத்துகிறார். தீப்பிடித்த இடங்களுக்குப் போய்க் காரணம் கண்டுபிடித்துச் சொல்வது ஞானாம்பாளின் தொழில். அவர் எங்கே புறப்பட்டாலும் கடையை மனைவியிடம் விட்டுவிட்டுக் கூடவே கிளம்பிவிடுவது பாலகுமாரின் வழக்கம்.

வந்தவள் பெயர் பிரிசில்லா, நர்ஸ். அவள் பையிலிருந்து எடுத்து வைத்தது ஒரு ரிமோட் கார். பூனை அளவு இருக்கும். கொழுத்த ரப்பர் சக்கரங்கள். பாறை ஏறுவதற்கென்றே செய்த வண்டி.

"நேத்து கேப்பர் மலையில போட்டி மேடம். எங்க அண்ணன் சாலமன்தான் ஓட்டுச்சு. கடைசிப் பாறையில சக்கரம் மாட்டிக்கிச்சு. அண்ணன் விடாம வேகம் குடுத்துச்சு. குபுகுபுன்னு பொகை வந்துடுச்சு."

"வயரிங் பண்ணது யாரு?"

"ராபர்ட். சிதம்பரத்துல மோட்டார் காயில் கட்டுறவரு." பிரிசில்லா தலையைக் குனிந்துகொண்டாள். "வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கும் அவருக்கும் நிச்சயம். இப்ப அண்ணன் வேணாங்குது. வயர்லயே ஏமாத்துறவன் நாளைக்கு உன்னை ஏமாத்த மாட்டானான்னு கேக்குது. எங்களுக்கு அப்பா அம்மா இல்ல மேடம். அது பேச்ச மீறி எனக்குப் பழக்கமில்ல."

ஞானாம்பாள் பூதக்கண்ணாடியை எடுத்தார். பேட்டரியிலிருந்து புறப்பட்ட வயரின் மேலுறை கறுப்பாக உருகி, சொட்டுச் சொட்டாக வழிந்து உறைந்திருந்தது. எரியாமல் தப்பிய நுனியில் '22' என்ற எண் தெரிந்தது. பேட்டரி முன் சக்கரங்களுக்கு மேலே இருந்தது. பின்பக்கம் இரண்டு திருகு ஓட்டைகள் காலியாகக் கிடந்தன.

"பக்கத்துல யாரு வண்டி நின்னுச்சு?" என்று பாலகுமார் பரபரத்தார்.

"கதிரவனோடது. அவர்தான் ஜெயிச்சாரு."

"அக்கா, முடிஞ்சுது! அவன்தான் வயர மாத்திட்டான்."

"சிதம்பரம் பஸ் எத்தனை மணிக்கு?" என்றார் ஞானாம்பாள்.

கீழ வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ராபர்ட்டின் கடை. ராபர்ட் தூங்கி இரண்டு நாள் ஆனவன் மாதிரி இருந்தான். வண்டியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"நான் போட்டது பருமன்ல பதினாலு கேஜ், சிலிக்கான் உறை போட்ட வயர் மேடம். தரையில ஓடுறப்ப மெல்லிசு வயரே தாங்கும். பாறையில சக்கரம் மாட்டி மோட்டார் சுத்தாம நின்னுச்சுன்னா கரண்ட ஜாஸ்தியா இழுக்கும். அதுக்குத்தான் தடிமன் வேணும். வயரு மெத்துன்னு வளையவும் வேணும், இல்லன்னா சஸ்பென்ஷன புடிச்சு இழுக்கும்."

மீந்துபோன துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை சாயந்தரம் சாலமனிடம் வண்டியைக் கொடுக்கும்போது எடுத்த படத்தையும் ஃபோனில் காட்டினான். படத்தில் பேட்டரி பின்னால் இருந்தது.

"மச்சானுக்கு நேத்துலேருந்து ஃபோன் பண்றேன். எடுக்க மாட்டேங்குறாரு."

மாலை நான்கு மணிக்கு அவர்கள் கடலூர் முதுநகரில் சாலமனும் பிரிசில்லாவும் வசிக்கும் வீட்டில் இருந்தார்கள். சாலமன் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவர். வலது கையை மடியிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

"வண்டிய குடுக்கறப்பவே பதினாலு போட்டேன்னு அவனே சொன்னான் மேடம். கடையில இருபத்திரண்டு கெடைக்குது. பாறை ஏறுற வண்டிக்குப் போய் யாராச்சும் பதினாலு போடுவாங்களா? ஜாயிண்ட்டும் சரியா வைக்கல."

நியாயம்தானே என்று பாலகுமாரும் தலையாட்டினார். ஞானாம்பாள் மட்டும் சாலமனை ஒரு கணம் கூர்ந்து பார்த்தார். பிறகு பிரிசில்லாவிடம் தீப்பெட்டி கேட்டார்.

ராபர்ட் கொடுத்த துண்டில் தீக்குச்சியைக் காட்டினார். உறை உருகவில்லை, வெள்ளைச் சாம்பலாகப் பூத்தது. வண்டியில் மிஞ்சியிருந்த நுனியில் காட்டினார். கரும்புகை எழுந்தது, உறை உருகிச் சொட்டியது.

"இது ராபர்ட் போட்ட வயரே இல்ல" என்றார் ஞானாம்பாள்.

"நான்தான் சொன்னேனே, கதிரவன்!"

"மலையில கரண்ட் ஏது பாலகுமார், சால்டர் வச்சு வயர ஒட்ட? அது மட்டுமில்ல. வயர மாத்துனவரு பேட்டரிய முன்னாடி கொண்டுவந்திருக்காரு. முன்பக்கம் கனம் இருந்தாத்தான் வண்டி செங்குத்தா ஏறும். பழைய வயரு அவ்வளவு தூரம் எட்டல, அதனால நீளமா புதுசு போட்டிருக்காரு. கெடுக்க நெனச்சவன் வண்டிய நல்லா ஏற வைப்பானா? இது ஜெயிக்கணும்னு ஆசைப்பட்டவர் செஞ்ச வேல. வெள்ளிக்கெழம சாயந்தரத்துலேருந்து வண்டி இந்த வீட்லதான் இருந்துச்சு."

ஞானாம்பாள் பிளேடை எடுத்து இரண்டு வயர்களையும் குறுக்கே வெட்டி மேசையில் வைத்தார். வெளியே இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பருமன். உள்ளே ஒன்றில் செம்பு திரண்டு நின்றது; மற்றதில் தலைமுடி போலச் சில இழைகள் மட்டும்.

"கேஜ் கணக்கு தலைகீழ் சாலமன். நம்பர் ஏற ஏற வயர் மெலியும். தடிப்பான உறையப் பாத்து ஏமாந்துட்டீங்க. இருபத்திரண்டுதான் பெருசுன்னு நீங்க சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

சாலமன் அந்தச் செம்பு இழைகளை இடது கை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஸ்ட்ராங்கான வயரத்தான் போட்டேன்னு நெனச்சேன் மேடம். அதுக்கப்புறமும் எரிஞ்சுதே, அப்ப அவன் வச்ச ஜாயிண்ட்டுதான் தப்புன்னு அடிச்சுச் சொன்னேன். சத்தியமா நம்பித்தான் சொன்னேன். அவன் வேலையில கைய வச்சத மட்டும் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"அதெல்லாம் என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார் ஞானாம்பாள்.

சாலமன் இடது கையால் ஃபோனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தார். முதல் மணியிலேயே ராபர்ட் எடுத்துவிட்டான். பேட்டரியை நகர்த்தியது, வயர் வாங்கியது, பழி போட்டது எல்லாவற்றையும் சாலமன் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பிரிசில்லா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மச்சான்" என்றது ராபர்ட்டின் குரல். "பொகை வந்தப்ப பேட்டரிய கையாலயா புடுங்குனீங்க?"

"ஆமா."

"கையில சூடு ஒண்ணும் படலயே?"

சாலமன் மடியிலிருந்த வலது கையை மெல்ல விரித்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். பிரிசில்லா "ஐயோ" என்று மருந்துப் பெட்டியை எடுக்க உள்ளே ஓடினாள்.

"அது ஆறிடும்" என்றார் சாலமன். "ஞாயித்துக்கெழம காலையிலயே வந்துடு மாப்ள."