நா வறண்ட பிற்பகல்

மாத்திரை அட்டையில் இருந்த எழுத்துகள் பூங்கோதைக்குப் பிடிபடவில்லை. கண்ணுக்கு அருகே கொண்டுவரக் கொண்டுவர அவை மாவாகக் கரைந்தன. கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால் மட்டும் கொஞ்சம் கூடி நின்றன. மருந்துக்கடையில் இதைவிடப் பொடி எழுத்தை மங்கல் வெளிச்சத்தில் படித்துப் பழகியவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை. தொழிற்பேட்டையில் உலைகள் அணைந்து, பட்டறைகள் பூட்டிக் கிடந்தன. ஜன்னலுக்கு வெளியே காயப்போட்டிருந்த பீங்கான் பொம்மைகளின் வெள்ளை, சித்திரை வெயிலை வாங்கி அவள் கண்ணுக்குள் ஊசியாகச் செருகியது. ஜன்னலைச் சாத்தினாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சொம்புத் தண்ணீரைக் குடித்தும் வாய் நனையவில்லை.

உள்ளறையில் ராஜ்மோகன் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான்.

“வாங்க, உக்காருங்க. பூங்கோத, ஆளுங்க வந்திருக்காங்க பாரு.”

வீட்டில் அவர்கள் இருவர்தான். பாயில் உட்கார்ந்திருந்த அவள் கணவன், லுங்கியிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளி ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தான். அங்கே ஒன்றும் இல்லை. முகம் செக்கச்செவேலென்று இருந்தது. நெற்றி கொதித்தது, அந்தப் புழுக்கத்திலும் ஒரு சொட்டு வியர்வை இல்லை. அவன் இமையைத் தூக்கிப் பார்த்தாள். விழியின் பழுப்பு வளையம் போய், கருமை மட்டும் இருந்தது.

“கீரைய எங்கங்க பறிச்சீங்க?”

“நம்ம ஷெட்டுக்குப் பின்னாடி, ஒடஞ்ச பீங்கான் கொட்டுற எடத்துல. மொளைக்கீரையோட இன்னொண்ணும் தளதளன்னு இருந்துது. சேத்துக் கிள்ளியாந்தேன்.”

மதியம் கடைந்த அந்தக் கீரை லேசாகக் கசந்தது. இன்னும் கொஞ்சம் புளி விட்டுச் சரிசெய்தவள் அவளேதான். அவள் ஒரு கை சாப்பிட்டாள். அவன் இரண்டு முறை போட்டுக்கொண்டான்.

ஊமத்தை.

கல்லூரியில் படித்ததெல்லாம் ஒழுங்காக ஞாபகம் வந்தது. அதுதான் அவளை நடுங்க வைத்தது. அட்ரோபின், ஸ்கோபாலமின். நரம்பு அனுப்பும் சேதி உறுப்புக்குள் போகாமல் வாசலை அடைத்துக்கொள்ளும் பொருள்கள். எச்சில் நிற்கும், வியர்வை நிற்கும், கண்மணி விரியும், இதயம் தறிகெட்டு ஓடும். அதற்கு மாற்று மருந்தும் வேறொரு செடியின் விதையிலிருந்து எடுப்பதுதான். அது அவள் கடையில் கிடையாது. கடைசியாக ஒன்று: இல்லாத ஆட்கள் வருவார்கள், பேசுவார்கள். பேசுகிறவருக்குக் கொஞ்சமும் சந்தேகம் வராது.

அவன் பேசிய மூலைப் பக்கம் அவள் திரும்பவில்லை.

போனை எடுத்து, தடவித் தடவி 108 அழுத்தினாள்.

“சொல்லுங்கம்மா.”

“செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னாடி வூடு. ஊமத்தைய சாப்பிட்டுட்டோம். ரெண்டு பேரும்.”

“பயப்படாதீங்க. அவரு கையப் புடிச்சிக்கிட்டே இருங்க. நாடியப் பாத்துக்கிட்டே இருங்க. வந்துடறோம்.”

நிதானமான, அன்பான குரல். அவள் மூச்சு சற்றுத் தணிந்தது. காதோரம் சில்லென்று இருந்தது. கையை விலக்கிப் பார்த்தாள். வழுவழுப்பான வெள்ளைப் பீங்கான். அலமாரியில் கிடந்த ஃபியூஸ் கட்டை.

“கேக்குதும்மா, சொல்லுங்க” என்றது அது.

வீசினாள். உடைந்தது.

சார்ஜரில் கிடந்த போனைத் தவழ்ந்துபோய் எடுத்தாள். உறையை அமுக்கிப் பார்த்தாள். ரப்பர். சூடு. இது போன்தான். அழுத்தினாள்.

“மறுபடியும் நீங்கதானாம்மா? வாசல்லதான் நிக்கிறோம்” என்றது அதே குரல்.

கத்தினாள். தொண்டையில் காற்றுதான் வந்தது. திரும்பி வந்து அவன் மணிக்கட்டைப் பற்றினாள். நாடி எண்ணமுடியாத வேகத்தில் துடித்தது. அவன் சுவரைப் பார்த்துச் சிரித்தான்.

அப்போது சைரன் கேட்டது.

இரண்டு பேர். சீருடை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார்கள். ஸ்ட்ரெச்சரை விரித்தார்கள், அதன் கீல் கிறீச்சிட்டது. ஒருவன் மேல் டெட்டால் வாசனை. பொய்யில் இவ்வளவு வாசனை இருக்குமா?

“தள்ளிக்குங்கம்மா. நாங்க பாத்துக்கறோம்.”

தூக்கினார்கள். வாசலில் ராஜ்மோகன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். முகத்தில் சிவப்பு இல்லை.

“போயிட்டு வரேன்.”

கதவு சாத்திக்கொண்டது. வண்டி கிளம்பியது. சைரன் ஜங்ஷன் பக்கமாகப் போய், மெலிந்து, அடங்கியது.

பிழைத்துக்கொள்வான். அழுகை முட்டியது. கண்ணீர் வரவில்லை. முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினாள்.

கை கனத்தது.

விரல்களுக்குள் ஒரு மணிக்கட்டு இருந்தது.

குனிந்து பார்க்கவில்லை. தோல் இன்னும் சூடாகத்தான் இருந்தது. அவள் விரல் நாடியைத் தேடியது. கொஞ்சம் மேலே. கொஞ்சம் கீழே.

மறுபடியும் மேலே.