கட்டை அடைத்த சாவித்துளை

மதிய ஷிஃப்டுக்கு நான் வந்தபோதே பீம் விழுந்து கிடந்தது. கட்டுப்பாட்டு அறையில் ஆறிப்போன காபி வாசனை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

தரைக்கடியில் வட்டமாக ஒரு சுரங்கம், அதற்குள் ஒரு குழாய். குழாயில் புரோட்டான்களை முடுக்கி, மெல்லிய கற்றையாக ஓட்டி, ஆராய்ச்சிக்காரர்கள் வைத்திருக்கும் மாதிரியின்மேல் மோதவிடுவோம். அதுதான் பீம். அது நின்றுபோனால், விழுந்தது என்போம். அது ஓடும்போது உள்ளே ஆள் இருந்தால் பிணம்தான். அதனால் சுரங்கக் கதவருகே ஒரு சாவிப் பலகை. உள்ளே போகிறவர் தன் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பலகையில் ஒரு துளை காலியாக இருந்தாலும் பீம் ஏறாது.

கற்றையை வளைக்கும் காந்தங்களைப் பராமரித்தவர், நாங்கள் நெட்டை என்று கூப்பிட்டவர், போன மாதம் வீட்டுக்குப் போகும் வழியில் லாரியில் அடிபட்டுச் செத்தார். சிவப்பு நாடா சுற்றிய தன் சாவியை அன்று மாட்ட மறந்து பையிலேயே கொண்டுபோயிருந்தார். அது கிடைக்கவில்லை. பூட்டை மாற்ற நாளாகும் என்று, எங்கள் ஷிஃப்ட் தலைவர் அந்தத் துளையில் ஒரு போலிக் கட்டையைச் செருகிவிட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கடுகு. சூடு பட்டால் வெடிப்பார்.

அன்றிலிருந்து பீமின் செறிவைக் கூட்டினால் சுரங்கத்தின் ஒரு வளைவில் எதிலோ இடித்து விழும். அங்கே போய்ப் பார்த்தால் எதுவும் இருக்காது.

மாதிரியோடு காத்திருந்த ஆராய்ச்சிக்காரியை அக்கா என்றே எல்லோரும் கூப்பிடுவோம். அவருக்கு அன்றுதான் கடைசி வாய்ப்பு. மாலை ஆறுக்கு எந்திரத்தைப் பராமரிப்புக்கு மூடுவார்கள். திறப்பதற்குள் அவருடைய உதவித்தொகை முடிந்துவிடும்.

“இன்னொரு தடவை ஏத்துங்க சார்.”

“ஏத்தினா மட்டும் நிக்கவா போகுது? என் உசுரை வாங்கறதுக்குன்னே ஒரு மெஷின்.”

“சாவி திரும்பலன்னா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். அதுதானே நம்ம விதி? நீங்க கட்டையை வெச்சு அடைச்சிட்டீங்க.”

கடுகு வெடிக்கவில்லை. எனக்கு அதுதான் கலக்கமாக இருந்தது.

நானும் அக்காவும் சாவிகளை எடுத்துக்கொண்டு வளைவுவரை போனோம். கான்கிரீட்டின் ஈரம். சூடான செம்புக் கம்பிகளின் நெடி. அதற்கு நடுவே கிராம்பு. நெட்டைக்குச் சொத்தைப் பல். வாயில் எப்போதும் கிராம்பு இருக்கும்.

“தம்பி, உனக்கு மணக்குதா?”

“இல்லக்கா.”

பொய்தான்.

வெளியே வந்து சாவிகளைப் பலகையில் மாட்டிவிட்டு, திறந்திருந்த கதவருகே நின்றோம். உள்ளே ஆள் நடந்தால்தான் சுரங்க விளக்குகள் எரியும். எங்களுக்குப் பின்னால் எல்லாம் அணைந்தன.

பிறகு, வளைவில் ஒன்று எரிந்தது.

அடுத்தது.

அதற்கடுத்தது.

எங்களை நோக்கி.

கதவோரத்து விளக்கும் எரிந்தது. யாருமில்லை. கிராம்பு வாசனை மூச்சுக்காற்றுபோல என் முகத்தில் பட்டது. பலகையில், நெட்டையின் துளையில் இருந்த கட்டை ஆடியது. யாரோ பிடுங்கப் பார்ப்பதுபோல.

கட்டை வரவில்லை.

“அண்ணே,” அக்கா கிசுகிசுத்தார். “வெளிய வந்துடுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்.”

விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்நோக்கி எரிந்துகொண்டே போயின.

அக்கா இன்டர்காமில் கத்தினார். “கட்டையைப் பிடுங்கிடலாம் சார்!”

“பிடுங்கிட்டு? துளை காலின்னா பீமே ஏறாது. அந்தச் சாவிக்கு எங்கம்மா போவே?”

அவர் சொன்னதும் சரிதான். எரிச்சலே அதில்தான்.

ஆறு மணிவரை ஏற்றினோம். ஆறு மணிவரை விழுந்தது. அக்கா மாதிரியைத் தாளில் சுற்றிப் பையில் வைத்தார். யாரையும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“இதைப் பத்தி வெளிய மூச்சு விடக்கூடாது,” என்றார் கடுகு.

அடையாள அட்டையை அவர் மேசையில் எறிந்தேன். வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.

பஸ்ஸில் டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டேன்.

சிவப்பு நாடா.

மாட்ட இடமில்லாமல் பக்கத்தில் நின்ற என்னிடம் கொடுத்திருக்கிறார் நெட்டை. அக்கா இன்டர்காமில் கத்தியபோதும் அது என் நெஞ்சோடு ஒட்டித்தான் இருந்திருக்கிறது.

மறுநாள் அங்கே போய் வாசல் காவலரிடம் சாவியைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால், பையில் சிவப்பு நாடா.

இப்போது வேறு வேலை, வேறு கட்டடம். இங்கேயும் ஆள் நடந்தால்தான் நடைவழி விளக்குகள் எரியும்.

நான் மட்டும்தான் இருக்கிறேன், நாற்காலியில் அசையாமல். தூரத்தில் ஒன்று எரிகிறது.

அடுத்தது.